யூடோரா டீச்சரின் மூன்றாவது பீப்பாய்

இருந்த இடத்தில் பீப்பாயைக் காணோம்.

பேஸ்மென்ட் மூலையில், வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. அயாந்தி ஒலிவியர் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். வட்டம் அப்படியேதான் இருந்தது.

அவளுக்குப் பின்னால் படிக்கட்டில், மடித்த சாம்பல் நிற அட்டைப் பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள் நாடேஜ். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலிருந்து வந்திருக்கும் பெண். முதல் இரண்டு பீப்பாய்களைப் போன வாரமே வந்து எடுத்துப் போய்விட்டாள். வேனில் இடமில்லாததால் மூன்றாவதை இந்தச் சனிக்கிழமைக்கு விட்டு வைத்திருந்தாள். மூன்றாவதில்தான் உயிரே இருந்தது: சனிக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஊர்வலத் துணிகள், ஒலிநாடாக்கள்.

"மேடம், வேற ரூமுக்கு மாத்தி வெச்சீங்களா?"

அயாந்தியின் கை ஏற்கெனவே போனைத் தேடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுச் சாவி வேறு ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. சித்தி மகன் கென்ரிக். நல்லவன்தான். உதவி செய்கிறேன் என்று கிளம்பினால் மட்டும் ஊரே தலையில் கைவைக்கும்.

"டேய் கென்ரிக், நேத்து நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்ப வந்தியே, எத்தனை பீப்பாய் எடுத்துட்டுப் போனே?"

"ரெண்டு. ஏன்க்கா?"

"ரெண்டா? கிறிஸ்துமஸுக்குச் சாமான் அடைச்சுக் கப்பல்ல ஊருக்குப் போற என் பீப்பாயை மட்டும்தானேடா எடுக்கச் சொன்னேன்!"

"ரெண்டுமே மூடி, வளையம் மாட்டி, பூட்டுப் போட்டு நின்னுச்சு. மேல பேரு ஊரு எல்லாம் எழுதியிருக்கு. நவம்பர் மாசத்துல பேஸ்மென்ட்ல ஒரு பீப்பாய் அப்படி நின்னா அதுக்கு என்னக்கா அர்த்தம்? பாவம், மறந்துட்டாளேன்னு அதையும் சேர்த்து உருட்டிட்டுப் போய், கப்பலுக்கு ஏத்தி அனுப்புற லென்னாக்ஸ் யார்டுல போட்டேன். முதுகு போச்சு எனக்கு. ஒரு நன்றி கூட இல்ல, திட்டுறே!"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் கரீபியத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பேரும் ஊரும் எழுதாத பீப்பாயை நாங்கள் யாரும் வீட்டுக்குள் வைத்ததே கிடையாது. வாங்கி வந்ததும் முதல் வேலை அதுதான். அயாந்தியும் அந்த மூன்று பீப்பாய்களையும் வாங்கி வந்த அன்றே, கை போன போக்கில், பெரிய கறுப்பு எழுத்தில் எழுதிவிட்டாள்: யூடோரா பிராவிடன்ஸ், ஜார்ஜ்டவுன், செயின்ட் வின்சென்ட். எங்கேயும் அனுப்பப் போவதில்லை, அடைகாக்கத்தான் போகிறோம் என்பது கைக்குத் தெரியுமா?

"கன்டெய்னரை எப்போடா மூடுறாங்க?"

"இன்னிக்கு மத்தியானம். கதவைச் சாத்தி சீல் வெச்சுட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் லென்னாக்ஸ் திறக்க மாட்டான்."

"நீ உடனே யார்டுக்கு வா. வந்து நில்லு அங்க!"

"அக்கா, நான் இப்போ..." என்று அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்ததை அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். அதன் பலனைப் பிறகு அனுபவித்தாள்.

"பொண்ணு, வேன் சாவியைக் கொடு."

"நானே ஓட்டுறேன் மேடம்."

"கண்ணு, நீ நல்லாத்தான் ஓட்டுவே. ஆனா இன்னிக்கு எக்ளிங்டன்ல குழி தோண்டி வெச்சிருக்கான். கொடு சாவியை."

எக்ளிங்டன் சாலையில் அயாந்தி பஸ் ஓட்டிய காலத்தில் இந்த நாடேஜ் மான்ட்ரியாலில் தன் ஹெய்ட்டி அம்மாவின் இடுப்பில் இருந்திருப்பாள். சாவியைக் கொடுத்துவிட்டு சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். புத்திசாலிப் பெண்.

வேன் சந்துக்குள் பாய்ந்தது. முடிதிருத்தும் கடைகளின் பின்பக்கம், பேக்கரியின் குப்பைத் தொட்டி, சர்ச்சின் கார் நிறுத்துமிடம் என்று எதிலெல்லாம் வழி உண்டோ அதிலெல்லாம் போனது. சேறும் பனியும் கண்ணாடியில் வந்து அடித்தன. அறுபத்தைந்தைத் தாண்டிய அயாந்திக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம்தான். ஆனால் பொய் சொல்வானேன், அதில் பாதி குஷி. வேலையை விட்ட பிறகு இப்படி ஒரு ஓட்டம் அவள் ஓட்டவே இல்லை.

"இப்படித்தான் அன்னிக்கும் ஓட்டுனீங்களா?" என்று நாடேஜ் கேட்டாள். "டீச்சர் அந்தக் கதையைச் சொன்னாங்க."

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. யூடோரா பிராவிடன்ஸ் ஓவியக்காரி, டீச்சர், ஊர்வலக்காரி. எதை முதலில் சொல்வது என்று அவளைத் தெரிந்தவர்களுக்கே குழப்பம். ஜார்ஜ்டவுனில் இருபது வயதுப் பெண்ணாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியபோது, ஒழுகுகிற கூரையைப் பலமுறை சொல்லியும் சரிசெய்யவில்லை என்று, பிள்ளைகளை வைத்துச் சுவரில் ஒரு படம் வரைந்தாள். மழை கொட்டுகிறது, வகுப்பு முழுக்க நனைகிறது, நடுவில் பள்ளி நிர்வாகி மட்டும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுநாள் காலையில் அவளை வாசற்கதவிலேயே நிறுத்தி, பையை வெளியே கொண்டுவந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையோடுதான் டொரொன்டோவுக்கு வந்தாள்.

இங்கே வந்து பார்த்தால் வேறு கூத்து. தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகளின் பேச்சு புரியவில்லை என்பதற்காக அவர்களை மந்தமானவர்கள் என்று தனி வகுப்பில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அயாந்தியின் மகள் ஷெர்னெல்லையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். யூடோரா சர்ச்சின் பேஸ்மென்ட்டில் சனிக்கிழமைப் பள்ளி ஆரம்பித்தாள். கணக்குச் சொல்லிக் கொடுத்தாள், படம் வரையச் சொல்லிக் கொடுத்தாள், பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்வி அதிகாரிகளின் வாசலுக்கே ஊர்வலம் போனாள். படுக்கை விரிப்பில் பிள்ளைகளே எழுதிய வாசகம்: "எங்களுக்கும் கணக்கு வரும்." ஷெர்னெல் இப்போது கால்கரியில் பாலம் கட்டுகிறாள். அயாந்தி அதை மறக்கிற ஜாதி இல்லை.

அப்புறம் ஒரு மழை நாள். வாடகைத் தகராறில் யூடோராவின் ஓவியக் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் தூக்கி நடைபாதையில் போட்டுவிட்டார்கள். அந்த வழியாகப் பஸ் ஓட்டி வந்த அயாந்தி, நனைந்துகொண்டிருந்த படங்களையும் அவற்றின் மேல் கோட்டை விரித்துப் போட்டு நின்ற யூடோராவையும் பார்த்தாள். நிறுத்தமே இல்லாத இடத்தில் பிரேக்கைப் போட்டாள். "அஞ்சு நிமிஷம் எல்லாரும் இறங்கி ஒரு கை கொடுங்க! அவசரம்னா அடுத்த பஸ் பின்னாடி வருது!" என்று கத்தினாள். பயணிகளில் முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் யாரும் அடுத்த பஸ்ஸுக்குப் போகவில்லை. ஆளுக்கொன்று தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படங்களும் சவப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டியும் வண்ண டப்பாக்களுமாக அந்தப் பஸ் அயாந்தியின் வீட்டு வாசலில் போய் நின்றது. அந்தத் தெருவில் பஸ் போனது அதுதான் முதலும் கடைசியும். அவளைச் சில வாரம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். "நல்லா தூங்குனேன்" என்பாள், கேட்டால்.

படங்கள் பிற்பாடு விற்றும் காட்சிக்குப் போயும் ஒழிந்தன. மிச்சமெல்லாம் அயாந்தியின் பேஸ்மென்ட்டில் தங்கிவிட்டது. ஒரு வசந்த காலத்தில் தண்ணீர் உள்ளே வந்தபோது பதறிப்போய் மூன்று பீப்பாய் வாங்கி வந்தாள். கடல் தாண்டுகிற பீப்பாய்க்குள் தண்ணீரும் போகாது, எலியும் போகாது. "மியூசியம் எப்போ திறப்பு விழா?" என்று தெருவே கிண்டல் செய்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டு வாங்க ஒருநாள் யாராவது வருவார்கள் என்று இருந்தாள். நாடேஜ் வந்தாள். வந்த பிறகு போய்ப் பீப்பாயைக் கோட்டை விடலாமா?

யார்டில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கிறிஸ்துமஸுக்குமுன் ஊர் போய்ச் சேர வேண்டிய கடைசிக் கன்டெய்னர் என்றால் சும்மாவா. பெரிய பெரிய கோட்டுகளுக்குள் எங்கள் ஜனம் பூராவும் பீப்பாய்களோடு நின்றது. சிலர் அங்கேயே மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து, பிதுங்கும் சாமான்களை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

லென்னாக்ஸ் கன்டெய்னர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே கூரை வரைக்கும் பீப்பாய்.

"முடியாதும்மா," என்றான், அவள் சொல்லி முடிக்கும் முன்பே. "நேத்து வந்ததெல்லாம் உள்பக்கம் அடியில இருக்கு. அதை எடுக்கணும்னா பாதி கன்டெய்னரைக் காலி பண்ணணும். என்கிட்ட ரெண்டே ஆளு. லாரி வந்து வெளிய நிக்குது. அங்க போய்ச் சேர்ந்ததும் திருப்பி அனுப்பச் சொல்றேன்."

"லென்னாக்ஸ், மேலயும் பக்கத்துலயும் எண்ணெயும் பிளீச்சுமா அடுக்கியிருக்கே! ஒரு மூடி திறந்துகிட்டா என்ன ஆகும்? துறைமுகத்துல வெயில்ல எத்தனை நாள் கிடக்கும்? உள்ள இருக்குறது காகிதம்டா, ஒலிநாடாடா!"

நாடேஜ் முன்னால் வந்தாள். அழாத குறை. "சார், அதுக்கெல்லாம் நகலே கிடையாது. உலகத்துல அது ஒண்ணுதான்."

"பாப்பா, இங்க நிக்கிற எல்லாருக்கும் அவங்கவங்க பீப்பாய் உலகத்துல ஒண்ணுதான்."

அவன் சொன்னதும் சரிதான். அன்றைக்கு ஆளாளுக்குச் சரியாகப் பேசி அயாந்தியைக் கொன்றார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதன் மேல் ஏறினாள். பின்சீட்டு வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய பஸ் குரல், பல வருஷத்துக்குப் பிறகு, தொண்டையிலிருந்து கிளம்பியது.

"எல்லாரும் கேளுங்க! யூடோரா டீச்சரோட பீப்பாய் தப்பா உள்ள போயிடுச்சு! அவங்க ஆயுசு பூரா செஞ்சது அதுல இருக்கு! கொஞ்ச நேரம் ஒரு கை கொடுங்க! இந்தத் தடவை அடுத்த பஸ் கிடையாது!"

வரிசையிலிருந்து நரைத்த தாடியோடு ஒரு மலை போன்ற ஆள் தன் பீப்பாயை விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"எந்த யூடோரா? சர்ச்சுக்கு அடியில, சனிக்கிழமை டீச்சரா?"

"அவங்களேதான்."

"அந்தம்மா என் காதைத் திருகியே பெருக்கல் வாய்ப்பாடு ஏத்துச்சு," என்றான். கோட்டைக் கழற்றி நாடேஜின் கையில் கொடுத்தான். "நகருப்பா லென்னாக்ஸ்."

அதற்குப் பிறகு யார் யாரைத் தடுப்பது? பெண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். ஆண்கள் ஆளுக்கொரு சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பீப்பாய்கள் விளிம்பில் சுழன்று சுழன்று வெளியே வந்து முற்றம் முழுக்க நின்றன. "என் ரம் கலந்த சோரல் பாட்டில் உள்ள இருக்கு, பார்த்து!" என்று ஒரு குரல். "உன் சோரலைக் குடிச்சுட்டுத்தான் நாங்க உயிரோட இருக்கோமா, போடி!" என்று இன்னொரு குரல். லென்னாக்ஸ் தலையில் அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு, "எடுத்த வரிசையிலேயே திருப்பி வைக்கணும்! அந்தப் பக்கம் வை! அடேய், அந்தப் பக்கம்!" என்று தானே நின்று நடத்த ஆரம்பித்துவிட்டான். மூடியின் மேல் அம்மா எழுதிய பேர், அத்தை எழுதிய பேர் என்று ஊர் ஊராக வெளியே வந்தது. பியபூ, பரூல்லி, காலியாக்வா. ஜார்ஜ்டவுன் மட்டும் வரவில்லை.

அயாந்தி கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளேயே இல்லையென்றால்? கென்ரிக் வேறு எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டிருந்தால்?

"ஜார்ஜ்டவுன்!" என்று உள்ளேயிருந்து தாடிக்காரன் கத்தினான். "பிராவிடன்ஸ்! இருக்கு, இருக்கு!"

யார்டே ஆர்ப்பரித்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியை எடுத்து அயாந்தி பூட்டைத் திறந்தாள். அவசரத்தில் இரண்டு முறை சாவி தவறியது. வளையத்தைத் தளர்த்தி மூடியை எடுத்தாள். உலர்ந்த காகித வாசனை வந்தது. அவ்வளவுதான், அவள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

நாடேஜ் கையுறையோடு குனிந்து முதல் துணியைத் தூக்கினாள். தரை ஈரம். "கீழ வைக்கக் கூடாது, யாராவது ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை மட்டும்" என்றாள். கையுறை வாங்கிக்கொண்டு ஆறேழு பெண்கள் பிடித்தார்கள். படுக்கை விரிப்பு காற்றில் விரிந்தது. எங்களுக்கும் கணக்கு வரும். சுற்றிலும் ஓரத்தில், சிவப்பிலும் பச்சையிலும், பிள்ளைகள் சாயத்தில் தோய்த்துப் பதித்த சின்னச் சின்ன உள்ளங்கைகள்.

தாடிக்காரன் நெருங்கி வந்து ஒரு பச்சைக் கையைத் தேடிக் கண்டுபிடித்தான். அதன் பக்கத்தில் அவன் பேர் இருந்தது, வெஸ்லி என்று. நாடேஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவன் தொடவில்லை. பாளம் போன்ற தன் கையை அதற்கு நேரே, துணியில் படாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பின்னால் ஒரு கார் ஹாரன் கேட்டது. கென்ரிக்கின் கார். முன்சீட்டில், பெரிய மென்மயிர்த் தொப்பியோடு, யூடோரா பிராவிடன்ஸ்.

அயாந்திக்கு உலகமே நின்றுவிட்டது. பீப்பாய் கைமாறுவதைப் பார்க்க முதியோர் இல்லத்திலிருந்து டீச்சரைக் கூட்டிவரும்படி, எதற்கென்று சொல்லாமலே, அவனிடம் சொல்லியிருந்தது அவள்தான். கென்ரிக் போனில் சொல்ல வந்ததும் அதைத்தான்.

டீச்சர் நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி வந்தாள். முற்றம் நிறையப் பீப்பாய், நடுவில் காற்றில் நிற்கும் அவளுடைய துணி, அதைப் பிடித்திருக்கும் ஜனம்.

"டீச்சர், மன்னிச்சுடுங்க," என்று அயாந்தி ஆரம்பித்தாள். "இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்துட்டு, கடைசி நாள்ல போய் நான்..."

"அடியே, சும்மா இரு." டீச்சர் திறந்த பீப்பாயின் பக்கம் போனாள். குனிந்து, வெளியே எழுதியிருந்ததைப் படித்தாள். "இதை எழுதினது யாரு?"

"நான்தான். பீப்பாய்னா பேரும் ஊரும் எழுதணும்ல, அந்தப் பழக்கத்துல..."

"ஜார்ஜ்டவுன்." டீச்சர் அந்த எழுத்தைத் தடவினாள். நாடேஜும் அயாந்தியும் உள்ளேயிருந்தவற்றைக் கட்டுக்கட்டாக எடுத்துச் சாம்பல் பெட்டிகளில் அடுக்கி வேனில் ஏற்றி முடிக்கும் வரை, லென்னாக்ஸ் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்றவர்கள் பீப்பாய்களைத் திருப்பி உள்ளே ஏற்றினார்கள்; வரிசையில் நின்றவையும் வாசலோரமாக ஏறின. கடைசியில் லென்னாக்ஸ் தலையைச் சொறிந்தான்.

"ஒரு பீப்பாய் அளவு இடம் காலியா நிக்குது. இப்படியே விட்டா கடல்ல எல்லாம் உருளும். ஏதாவது போட்டு அடைக்கணும்."

"இதைப் போடு," என்றாள் டீச்சர், காலிப் பீப்பாயைக் காட்டி. "விலாசம்தான் எழுதியிருக்கே. ஜார்ஜ்டவுன் பள்ளிக்கூடம்னு மட்டும் சேர்த்துக்கோ."

"காலியாவா டீச்சர்?"

"ஏன், இத்தனை பேரும் வெறுங்கையோடவா நிக்கிறீங்க?"

அவள் சொன்னதும் வெஸ்லி வாசலோரம் இருந்த தன் பீப்பாயைத் திறந்தான். அரிசி மூட்டை ஒன்று வந்து விழுந்தது. பிறகு ஆளாளுக்கு. பால் டின், சோப்பு, பென்சில் கட்டு, தங்கை மகளுக்கென்று வாங்கிய வண்ணக்குச்சிப் பெட்டி. "என் சோரலையும் வை" என்றாள் சோரல்காரி. "பள்ளிக்கூடத்துக்காடி?" என்று எல்லாரும் கத்த, திரும்ப எடுத்துக்கொண்டாள். கடைசியாக டீச்சர் தன் மென்மயிர்த் தொப்பியைக் கழற்றி மேலே வைத்தாள்.

"டீச்சர், அந்த வெயில்ல இதை யாரு போடுவாங்க?"

"நாடகத்துக்கு ஆகும். நிர்வாகி வேஷத்துக்கு."

மூடியைப் போட்டு வளையத்தை மாட்டியதும் டீச்சர் லென்னாக்ஸிடம் மார்க்கரை வாங்கினாள். பள்ளிக்கூடம் என்று சேர்த்தாள். அதற்குப் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: அனுப்புவது அயாந்தி ஒலிவியர்.

"இதுல என் பேர் எதுக்கு டீச்சர்?"

"அனுப்புனவ பேர் இல்லாத பீப்பாய் உண்டாடி? பழக்கம்னு சொன்னியே." நாடேஜ் பக்கம் திரும்பினாள். "உன் பெட்டிகள் மேலயும் இதையே எழுது. என் பேரு, என் ஊரு, அனுப்புனவ பேரு. ஒண்ணு குறைஞ்சாலும் உன் காப்பகப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"எழுதிடுறேன் டீச்சர்," என்றாள் நாடேஜ்.

வெஸ்லி உருட்ட வந்தான். அயாந்தி விடவில்லை. பீப்பாயைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தித் தானே சுழற்றிக்கொண்டு போனாள். யூடோரா பிராவிடன்ஸ் என்று ஒரு பக்கம் வந்தது, அடுத்து ஜார்ஜ்டவுன், அடுத்து அவள் பேர். பின்னாலேயே டீச்சரின் நடைச்சட்டம் டக் டக்கென்று கன்டெய்னர் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

"என்னை அந்தப் பள்ளிக்கூடத்து வாசலோட அனுப்பிட்டாங்க," என்றாள் டீச்சர், யாரிடமென்று இல்லாமல். "இப்போ என் பேரை அவங்க கையாலயே உள்ள உருட்டிட்டுப் போகட்டும்."

அயாந்தி பீப்பாயை அதன் இடத்தில் நேராக நிறுத்தினாள். பேர் வெளியே தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும், லென்னாக்ஸ் கதவைச் சாத்தினான்.